சேட்டையா, கோளாறா? புதிதாக வகுப்பெடுக்க வந்த ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜூன் மாதம் வகுப்பை ஏற்றுக்கொண்ட ஒரு வாரத்துக்குள் ஆசிரியர் அறையில் யாராவது சொல்லிவிடுவார்கள்: "மூணாவது பெஞ்ச் பையன்கிட்ட ஜாக்கிரதையா இருங்க டீச்சர், அவனுக்கு ஏ.டி.எச்.டி." கவனம் நிற்காமையும் ஓயாத துருதுருப்பும் சேர்ந்த கோளாறு அது. யார் பரிசோதித்துச் சொன்னது என்று கேட்டால் பதில் இருக்காது. யூடியூப் புண்ணியத்தில் இன்று எல்லாருக்கும் நாலைந்து நோய்களின் பெயர் தெரியும். அதே வகுப்பில் ஜன்னலோரம் வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பற்றி ஒருவரும் எச்சரிக்க மாட்டார்கள். "தங்கமான பொண்ணு, இருக்கிற இடமே தெரியாது" என்பார்கள்.

அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் தொடக்க, நடுநிலை வகுப்புகளுக்குப் புதிதாக வந்திருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தனியார் பள்ளியில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். நோய்க்குப் பெயர் வைப்பது மருத்துவர் வேலை. ஆனால் கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் அவர் அந்தப் பிள்ளையைச் சில நிமிடம்தான் பார்க்கப் போகிறார். நீங்கள் தினமும் மணிக்கணக்காகப் பார்க்கிறீர்கள். பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கொடுக்க ஒருவர் பழகிவிட்டால், அந்தச் சில நிமிடத்தின் மதிப்பே வேறாகிவிடும்.

எதைக் கோளாறு என்று சொல்வது

சேட்டை, பிடிவாதம், அழுகை, பொய், பயம் எல்லாமே எல்லாப் பிள்ளைகளிடமும் உண்டு. எந்த இடத்தில் கோடு கிழிப்பது என்பதுதான் சிக்கல். இந்தக் கோட்டைச் சட்டத்திலேயே எழுதிப் பார்த்த நாடு அமெரிக்கா. கலிபோர்னியாவில் எலி பவர் என்பவர் 1950களின் பிற்பகுதியில் பள்ளிப் பிள்ளைகளிடையே செய்த ஆய்விலிருந்து வந்த வரையறையை, 1975-இல் வந்த சிறப்புக் கல்விச் சட்டத்தின் விதிகளில் ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அது ஐந்து அடையாளங்களைச் சொல்கிறது. அறிவுத்திறன், பார்வை, செவி, உடல்நலம் இவற்றில் எதையும் காரணம் காட்ட முடியாதபடி கற்க இயலாமை. சக பிள்ளைகளோடும் ஆசிரியர்களோடும் ஒட்ட முடியாமை. சாதாரணச் சூழ்நிலையில் பொருந்தாத நடத்தை அல்லது உணர்ச்சி. எப்போதும் படிந்திருக்கும் சோகம். பள்ளியையோ சொந்தப் பிரச்சினையையோ ஒட்டி வரும் உடல் உபாதையும் அச்சமும். இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். ஆனால் அது நீண்ட நாள் இருக்க வேண்டும், குறிப்பிடத்தக்க அளவில் இருக்க வேண்டும், படிப்பைப் பாதிக்க வேண்டும்.

இந்த வரையறை குறையில்லாதது என்று சொல்ல மாட்டேன். 'சமூகத்தோடு ஒத்துப்போகாதவர்கள்' மட்டும் என்றால் சேராது என்று அதிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. திருடும் பிள்ளை, அடிதடிப் பிள்ளை உள்ளேயா வெளியேயா என்று அங்கே இன்னும் வாதம் ஓயவில்லை. என்றாலும் கடைசியில் சொன்ன மூன்று அளவுகோல்களை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை நாளாக, எவ்வளவு கடுமையாக, எதைக் கெடுக்கிறது. நான்காவதாக ஒன்றை நான் சேர்ப்பேன்: எங்கெல்லாம். கணக்கு சார் வகுப்பில் மட்டும் எகிறும் பையனுக்குக் கோளாறு இருக்கிறதா, கணக்கு சாருக்கும் அவனுக்கும் ஏதாவது தகராறா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், அறிவுத்திறன் குறைபாடு ஆகியவை அதில் உண்டு. ஏ.டி.எச்.டி. என்ற பெயர் தனியாக இல்லை. அடம், ஆத்திரம், பதற்றம் என்று வரும் பிள்ளைகளில் பலருக்கு எந்தச் சான்றிதழும் கிடைக்காமல் போகலாம். அதற்காக உதவியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. வகுப்பில் இடம் மாற்றி உட்கார வைக்க யாரும் சான்றிதழ் கேட்கப் போவதில்லை.

சத்தம் போடும் பிள்ளை, சத்தமே போடாத பிள்ளை

அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஆக்கன்பாக் 1960களில் குழந்தைகளின் சிக்கல்களை இரண்டு பெரிய குவியலாகப் பிரித்தார். ஒன்று வெளியே வெடிப்பது: அடிப்பது, உடைப்பது, எதிர்த்துப் பேசுவது, ஓரிடத்தில் நிற்காதது. மற்றது உள்ளுக்குள் புதைவது: பயம், பதற்றம், சோர்வு, ஒதுங்குவது. முதல் குவியல் வகுப்பை நிறுத்திவிடும் என்பதால் எல்லார் கண்ணிலும் படும். இரண்டாவது யாருக்கும் தொந்தரவு தருவதில்லை, அதனாலேயே வருடக்கணக்கில் தப்பிவிடும்.

அதனால் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முறை பெயர் பெயராக இறங்கி வாருங்கள். எந்தப் பெயரைப் பார்த்ததும் முகம் ஞாபகம் வரவில்லையோ, எந்தப் பிள்ளையின் குரல் எப்படியிருக்கும் என்றே தெரியவில்லையோ, அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். அடுத்த வாரம் பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்.

உள்ளே புதையும் பிள்ளைகளிடம் என்ன பார்ப்பது? திங்கட்கிழமையும் தேர்வு நாளும் தவறாமல் வரும் வயிற்றுவலி. சனி, ஞாயிறில் வராத வயிற்றுவலி. எழுதியதை அழித்து அழித்துத் தாள் ஓட்டையாவது. உணவு இடைவேளையில் தட்டோடு தனியாகச் சுவரோரம் நிற்பது. முன்பு விரும்பிச் செய்த கோலப் போட்டியோ கபடியோ திடீரென்று வேண்டாமல் போவது. மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டே இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். குழந்தைகளிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் அது எரிச்சலாக, சிடுசிடுப்பாக வெளிப்படுவது சகஜம். பெரியவர்களுக்கும் சிறியவர்களுக்கும் மருத்துவர்கள் பார்க்கும் அளவு குறைந்தது இரண்டு வாரம்.

வீட்டில் வாய் ஓயாமல் பேசி, பள்ளியில் மட்டும் ஒரு சொல்கூடப் பேசாத பிள்ளைகள் இருக்கிறார்கள். திமிர் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது பதற்றத்தின் ஒரு வடிவம். தேர்ந்த மௌனம் என்கிறார்கள். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் கணக்கு, பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் கணக்கில் வராது. மொழி தெரியாததால் வரும் மௌனமும் வேறு. திருப்பூரிலும் கோவையிலும் பனியன் கம்பெனி, கட்டட வேலைக்கு வந்த பீகார், ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகள் முதல் வகுப்பில் பல மாதம் பேசாமல் இருப்பார்கள். அவர்கள் தங்களுக்குள் விளையாடும்போது போய்க் கேளுங்கள், சத்தம் காதைப் பிளக்கும்.

மனத்தைச் சந்தேகிக்கும் முன் உடம்பைப் பாருங்கள்

கரும்பலகை தெரியாத பிள்ளை பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கும், அடி வாங்கும். ஒரு காதில் சீழ் வடியும் பிள்ளைக்குப் பாதிச் சொல் விழாது. சொன்ன பேச்சுக் கேட்காதவன் என்று பெயர் வாங்கும். ரத்தசோகை உள்ள பெண் பிள்ளை மூன்றாவது பாடவேளையில் மேசையில் தலை சாய்க்கும். மூக்கின் பின்புறத் தசை வளர்ந்து இரவு முழுக்கக் குறட்டை விடும் பிள்ளை பகலில் தூங்கி விழுவதைவிடத் துருதுருவென்று அலைவதும் எரிந்து விழுவதும்தான் அதிகம், பெரியவர்களுக்கு நேர்மாறு. காலையில் சாப்பிடாமல் வருகிறதா என்பதையும் விசாரியுங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான். ஆறாம் வகுப்புக்குப் போனதும் பழைய பசி திரும்பி வரும் வீடுகள் உண்டு.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடி அப்படியே விறைத்துப் பார்த்து, கண்ணிமை படபடத்து, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் விட்ட இடத்திலிருந்து தொடரும் பிள்ளையைப் பகல்கனவு காண்பவன் என்று திட்டாதீர்கள். அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். கூப்பிட்டாலும் தொட்டாலும் அந்த நொடியில் கலையாது என்பது அடையாளம். இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. நோட்டில் நேரத்தோடு குறித்து உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு அரசு, உதவிபெறும் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை வரும். அன்று பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதோடு ஒதுங்கிக்கொள்ளாமல், உங்கள் பென்சில் புள்ளிப் பெயர்களை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

பிறந்த தேதியையும் ஒரு கண் பாருங்கள். ஒரே வகுப்பில் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் ஏறக்குறைய ஒரு வருட வித்தியாசம் இருக்கும். வகுப்பிலேயே வயதில் சிறிய பிள்ளைகளுக்கு ஏ.டி.எச்.டி. முத்திரை அதிகம் விழுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஐந்து வயதுப் பிள்ளை ஐந்து வயதுப் பிள்ளையாக இருப்பது நோயாகிவிடாது.

வீட்டில் என்ன நடக்கிறது என்பது அடுத்தது. தாத்தா இறந்திருக்கலாம். அப்பா குடித்துவிட்டு வந்து அடிக்கலாம். அம்மா வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போயிருக்கலாம். எப்போதுமே இப்படியிருந்த பிள்ளையா, போன மாதத்திலிருந்து மாறிய பிள்ளையா என்ற கேள்விதான் திறவுகோல். திடீரென்று மாறியிருந்தால், குறிப்பாக ஒரு ஆளையோ ஒரு இடத்தையோ கண்டு நடுங்கினால், வயதுக்கு மீறிய பாலியல் பேச்சோ விளையாட்டோ வந்தால், கோளாறைப் பற்றி யோசிப்பதை நிறுத்திவிட்டுப் பாதுகாப்பைப் பற்றி யோசியுங்கள். போக்சோ சட்டம் 2012-இன்படி குற்றம் நடந்திருக்கலாம் என்று தெரியவந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதே குற்றம். பள்ளிக்குக் கெட்ட பெயர் வரும் என்று யார் தடுத்தாலும் சட்டம் அதை ஏற்காது. குழந்தைகள் உதவி எண் 1098.

நோட்டு

மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் விடாதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். வகுப்பு மேசையில் போடாமல் உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு வாரம் எழுதினால் போதும். ஒவ்வொரு குறிப்பிலும் நாள், மணி, பாடம். அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. பிள்ளை என்ன செய்தது. அதன் பிறகு நீங்களும் மற்ற பிள்ளைகளும் என்ன செய்தீர்கள்.

ஒரே விதி: கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். 'ரவுடித்தனம் செய்தான்' என்று எழுதினால் படிக்கிற மருத்துவருக்கு உங்கள் கோபம் மட்டும்தான் புரியும். 'பக்கத்துப் பையனின் முதுகில் கையால் இரண்டு முறை அடித்தான்' என்றால் நடந்தது புரியும். நான்காம் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றிய குறிப்புகள் இப்படியிருக்கும்:

செவ்வாய், 10.20, தமிழ். வரிசையாக எழுந்து வாசிக்கச் சொன்னேன். அவன் முறைக்கு இரண்டு பேர் இருக்கும்போது பக்கத்துப் பையனின் பென்சிலைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தான். வெளியே நிற்கச் சொன்னேன். போய் நின்றான், அழவில்லை. வாசிப்பு முடிந்ததும் உள்ளே கூப்பிட்டேன்.

புதன், 2.10, கணக்கு. வாய்க்கணக்கு. முதலில் கை தூக்கியது அவன்தான். பாடவேளை முழுக்க எழுந்திருக்கவில்லை.

வியாழன், 11.40, தமிழ். சொல்வதெழுதுதல். நான்காவது சொல்லில் தாளைக் கிழித்தான். வயிறு வலிக்கிறது என்றான். தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பினேன்.

வெள்ளி, 10.15, தமிழ். வாசிப்பு. முறை வருவதற்கு முன் ஒன்றுக்குப் போகக் கேட்டான். விட்டேன். மணி அடித்த பிறகுதான் வந்தான்.

நான்கு நாள் குறிப்பைச் சேர்த்து வாசித்தாலே கதை மாறிவிடுகிறது. கவனம் இல்லாத பையனாக இருந்தால் புதன்கிழமை கணக்கு வகுப்பில் அப்படி உட்கார்ந்திருக்க மாட்டான். எழுத்தைக் கண்டால்தான் வெடிக்கிறான். நாம் கொடுக்கும் தண்டனை ஒவ்வொன்றும் அவனை வாசிப்பிலிருந்து காப்பாற்றி வெளியே அனுப்புகிறது, அதனால் அடுத்த நாளும் அதையே செய்கிறான். இவனுக்கு முதலில் தேவை மனநல மருத்துவர் இல்லை. தனியாக உட்கார வைத்து, இரண்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிப் பார்ப்பது. அங்கேயும் திணறினால் கற்றல் குறைபாட்டுக்கான பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். கற்றல் குறைபாடும் ஏ.டி.எச்.டி.யும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகளும் நிறைய உண்டு என்பதால், ஒன்று கிடைத்துவிட்டது என்று மற்றதைத் தேடாமல் விட்டுவிடாதீர்கள்.

பள்ளி உளவியலாளர்கள் செய்யும் ஒரு தந்திரத்தை நாமும் செய்யலாம். அதே வகுப்பில், அதே பாலினத்தில், சுமாராகப் படிக்கும் இன்னொரு பிள்ளையைத் தேர்ந்துகொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு இருவரையும் மாறி மாறிப் பார்த்து, இடத்தைவிட்டு எழுந்தது எத்தனை முறை என்று கோடு போடுங்கள். இவனுக்கு ஒன்பது, அவனுக்கு இரண்டு என்றால் விஷயம் இருக்கிறது. இவனுக்கு ஒன்பது, அவனுக்கு எட்டு என்றால் மத்தியானம் மூன்று மணிக்குத் தகரக் கூரையின் கீழ் நீங்கள் எடுக்கும் பாடத்தில்தான் விஷயம் இருக்கிறது.

நன்றாக இருந்த நேரத்தையும் எழுதுங்கள். எப்போது வெடிப்பதில்லை என்பது மருத்துவருக்கும் உங்களுக்கும் பெரிய துப்பு.

ஒரு கேள்வித்தாள்

பிரிட்டிஷ் குழந்தை மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்ட எஸ்.டி.க்யூ. என்ற கேள்வித்தாள் தமிழிலும் இருக்கிறது. மொத்தம் 25 வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் இல்லை, ஓரளவு, நிச்சயமாக என்று மூன்று பதில். உணர்ச்சி, நடத்தை, துருதுருப்பும் கவனமும், நட்பு, பிறருக்கு உதவும் குணம் என்று ஐந்து பிரிவு. கடைசிப் பிரிவு பிள்ளையின் பலத்தைச் சொல்வது, அதைக் கூட்டுவதில்லை. மற்ற நான்கையும் கூட்டினால் 0 முதல் 40 வரை வரும். ஆசிரியர் நிரப்பும் தாளில் 12 முதல் 15 வரை எல்லைக்கோடு, 16-உம் அதற்கு மேலும் கவனிக்க வேண்டியது. பெற்றோர் தாளில் அதே கோடுகள் 14-இலும் 17-இலும் விழுகின்றன. இவை பிரிட்டன் பிள்ளைகளை வைத்துப் போட்ட கோடுகள் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் எண்ணுக்கும் பெற்றோர் எண்ணுக்கும் பெரிய இடைவெளி இருந்தால், அந்த இடைவெளியே பேச வேண்டிய விஷயம்.

மருத்துவர்கள் எதை எண்ணுகிறார்கள் என்று தெரிந்திருப்பது உங்கள் குறிப்பைக் கூர்மையாக்கும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டின்படி ஏ.டி.எச்.டி.க்கு, கவனக்குறைவில் ஒன்பது அறிகுறி, துருதுருப்பில் ஒன்பது அறிகுறி. ஏதாவது ஒரு பட்டியலில் குறைந்தது ஆறு, ஆறு மாதமாக, வீடு, பள்ளி போன்ற இரண்டு இடங்களிலாவது இருக்க வேண்டும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரை அமைதியாக இருந்துவிட்டு ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று கவனம் சிதறும் பிள்ளைக்கு வேறு காரணம் தேட வேண்டியிருப்பது இதனால்தான். எப்போது பார்த்தாலும் எதிர்த்து நிற்கும் பிள்ளைக்கும் ஆறு மாதக் கணக்கு உண்டு. அடிப்பது, பொருளை நாசம் செய்வது, திருட்டும் பொய்யும், வீட்டை விட்டு ஓடுவது என்று நீளும் நடத்தைக் கோளாறில் 15 அறிகுறிகளில் குறைந்தது மூன்று கடந்த ஒரு வருடத்தில் நடந்திருக்க வேண்டும். ஒரு நாள் பேனா திருடியவன் இதில் வரமாட்டான்.

வீட்டாரிடம் பேசுவது

புது ஆசிரியர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். மாலை வாசலில், மற்ற அம்மாக்கள் நிற்கும்போது, "உங்க பையனை ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று சொல்லிவிட்டால் அந்தத் தாய் மறுநாளிலிருந்து உங்கள் கண்ணில் படாமல் தப்பிப் போவார். வகுப்பு முடிந்த பிறகு, உட்கார நாற்காலி போட்டு, முடிந்தால் அப்பாவையும் சேர்த்துப் பேசுங்கள்.

"வாங்கம்மா, உக்காருங்க. கணக்குல கெட்டிக்காரன்மா உங்க பையன். வாய்க்கணக்கு கேட்டா முதல் கை அவனோடதுதான்."

"அப்படியா மிஸ்? இங்க வந்தாலே கம்ப்ளெயின்ட்தான் கேட்டிருக்கேன்."

"வாசிக்கச் சொன்னா மட்டும் கஷ்டப்படுறான். போன வாரம் சொல்வதெழுதுதல்ல தாளைக் கிழிச்சிட்டான். வீட்ல வீட்டுப்பாடம் எழுதும்போது எப்படி இருக்கான்?"

"எழுத உக்காந்தா ஒரே அழுகை மிஸ். அவங்கப்பாவும் சின்னதுல இப்படித்தான்னு மாமியார் சொல்வாங்க. அவரு அஞ்சாவதோட நிறுத்திட்டாரு."

கடைசியில் வந்த அந்தத் தகவலை எந்தக் கேள்வித்தாளும் வாங்கித் தந்திருக்காது. கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால்தான் வரும். நோயின் பெயர் எதையும் நீங்கள் உச்சரிக்க வேண்டாம். கோயிலுக்கு நேர்ந்திருக்கிறோம், தர்காவில் ஓதிக் கட்டியிருக்கிறோம் என்றால் மறுத்துப் பேசாதீர்கள். "அதையும் பண்ணுங்கம்மா, ஆஸ்பத்திரிக்கும் ஒரு தடவை போய்ட்டு வந்துடலாம்" என்றால் போதும். வீட்டில் அடித்துத் திருத்துகிறேன் என்று கிளம்புபவர்களைத் தடுப்பதும் உங்கள் பொறுப்பில் வருகிறது. பள்ளியில் அடிப்பதும் மனம் நோகச் செய்வதும் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவிலேயே தடை செய்யப்பட்டிருக்கிறது.

காத்திருக்கும் நாட்களில்

மருத்துவமனைத் தேதி கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். உங்கள் மேசைக்குப் பக்கத்தில், கதவுக்கும் ஜன்னலுக்கும் தள்ளி உட்கார வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும். பத்து நிமிட வேலை, பிறகு கரும்பலகை துடைக்கவோ அடுத்த வகுப்புக்கு நோட்டுக் கொண்டுபோகவோ ஒரு சின்ன ஓட்டம். சரியாகச் செய்ததை அப்போதே, குறிப்பிட்டுச் சொல்லுங்கள்: "கை தூக்கிட்டுப் பேசினே, நல்லா இருந்துச்சு." பயந்த பிள்ளையை வகுப்பு முன் எழுப்பி வாசிக்கச் சொல்லாமல் முதலில் உங்கள் காதில் வாசிக்கச் சொல்லுங்கள். நாலைந்து வாரத்தில் இவற்றாலேயே அடங்கிவிட்டால் மகிழ்ச்சி. அடங்காவிட்டால், என்னென்ன செய்து பார்த்தோம் என்று எழுதிக் கொடுக்க விஷயம் சேர்ந்துவிட்டது.

எங்கே அனுப்புவது

தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரைக் கூப்பிடுங்கள். ஆர்.பி.எஸ்.கே. குழு வழியாகப் போனால் மாவட்டத்தின் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு வழி கிடைக்கும். அங்கே குழந்தை மருத்துவரும் உளவியலாளரும் பயிற்சியாளர்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்படியான ஏற்பாடு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் குறிப்பிட்ட நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் வருகிறார்கள். எந்த நாள் என்று முன்பே விசாரித்துச் சொன்னால் ஒரு நாள் கூலி வீணாகாமல் இருக்கும். சென்னை என்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. தொலைபேசியில் பேச அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும், தமிழிலும்.

கூடவே அரைப் பக்கக் கடிதம் ஒன்று கொடுத்தனுப்புங்கள். வயது, வகுப்பு, எத்தனை மாதமாகக் கவனிக்கிறீர்கள், நோட்டிலிருந்து மூன்று சம்பவம், பிள்ளைக்கு நன்றாக வருவது எது, செய்து பார்த்த மாற்றங்கள், உங்கள் கேள்வி. 'இவனுக்கு ஏ.டி.எச்.டி. என்று நினைக்கிறோம்' என்ற வரி வேண்டாம். மருந்து எழுதிக் கொடுத்தால், அதைப் பற்றிப் பெற்றோருக்கு நீங்கள் யோசனை சொல்ல வேண்டாம், நிறுத்தவும் சொல்ல வேண்டாம். மதியச் சாப்பாடு குறைந்ததா, எந்தப் பாடவேளை வரை கவனம் நின்றது என்று குறித்துக் கொடுங்கள். அளவைத் திருத்த அது உதவும்.

அன்றே செய்ய வேண்டியது

சாக வேண்டும்போல் இருக்கிறது என்று பிள்ளை சொன்னால், எழுதினால், கையில் கீறல் கண்டால், இரண்டு வார நோட்டெல்லாம் இல்லை. தனியாக விடாதீர்கள். "உயிரை விட்டுடலாம்னு தோணுதா கண்ணு?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பாரத்தைக் குறைக்கும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் அன்றே தெரிவியுங்கள். வீட்டில் பூச்சிமருந்து, எலிபேஸ்ட், தாத்தா பாட்டியின் மாத்திரை எல்லாவற்றையும் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். 14416-ஐ உங்கள் போனில் பதிந்து வைத்திருங்கள். வீடே காரணமாக இருந்தால் 1098.

அடுத்த வகுப்புக்கு அனுப்பும்போது

ஏப்ரலில் வகுப்பை ஒப்படைக்கும்போது அந்த நோட்டை அடுத்த ஆசிரியரிடம் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். மருத்துவர் வைத்த பெயர் பெற்றோருடைய சொத்து, அவர்கள் சம்மதித்தால் மட்டுமே சொல்லலாம். எமிஸ் என்ற கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில் எதையாவது பதிவதானாலும் சான்றிதழ் இருப்பதை மட்டும், தலைமையாசிரியர் வழியாக. அடுத்தவருக்குத் தேவைப்படுவது ஒரு துண்டுச் சீட்டு அளவுதான்: முன் வரிசையில் உட்கார வையுங்கள், வாசிப்பை முதலில் தனியாகக் கேளுங்கள், கணக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், கோபம் வந்தால் தண்ணீர் குடித்துவர அனுப்புங்கள், ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவான்.